நீர்நாயைத் தின்ற குடும்பம்

"தட்டை விடுங்க, மிசஸ் ட்ரான்டர்!"

"நீங்க முதல்ல விடுங்க."

"நான் விட்டா விழுந்துடும்."

"அப்ப பிடிச்சுக்கிட்டே நில்லுங்க. நான் சாப்பிட்டுட்டுத் தரேன். கிரேவி ஆறுது பாருங்க."

பெல்மோர் மாளிகையின் சாப்பாட்டுக் கூடத்தில், செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாள் மதியம், ஒரே தட்டை இந்தப் பக்கம் வினி ட்ரான்டரும் அந்தப் பக்கம் பீங்கான் காப்பாளர் ஹோல்ஷாவும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இழுக்க இரண்டு பேருக்கும் பயம். அதனால் தொண்டையில்தான் சண்டை, விரல்களில் அப்படி ஒரு மென்மை. வினியின் மறு கையில் ஒரு தகர டப்பா. உள்ளே அவள் வீட்டில் வறுத்து எடுத்து வந்த வாத்துக்கால். மாளிகைச் சமையலறையில் இப்போது அஞ்சலட்டை விற்கிறார்கள், அதனால் வேறு வழி இல்லை.

"இது சாப்பிடற இடம் இல்லைங்க," என்றார் ஹோல்ஷா.

"வாசல்ல 'சாப்பாட்டுக் கூடம்'னு பலகை மாட்டியிருக்கீங்களே?"

"அது இதோட பேர். வேலை இல்ல."

நான் தேநீர் வண்டியோடு கதவோரம் இருந்தேன். தேநீர் ஊற்றுகிறவளை வெளியே போ என்று எந்தக் கூட்டத்திலும் சொல்ல மாட்டார்கள். அந்த மாளிகைக்குள் நடந்தது எனக்குத் தெரிந்த அளவுக்கு அங்கே சம்பளம் வாங்கியவர்களுக்கே தெரியாது.

விஷயம் இதுதான். முதலாம் பெல்மோர் பிரபு தன் கல்யாணத்துக்கென்று வூஸ்டர் பீங்கான் சூளையில் ஒரு முழு விருந்துச் செட் செய்யச் சொன்னார். நீல விளிம்பு, அதற்குள் பொன் கோடு, நடுவில் குடும்பத்தின் கேடயச் சின்னம்: பின்னங்காலில் எழுந்து நின்று மீனைக் கவ்வியிருக்கும் ஒரு நீர்நாய். அந்தச் செட்டுக்கு ஆன செலவில் எங்கள் ஊர் ஸ்னெட்பரியில் ஒரு தெருவையே கட்டியிருக்கலாம் என்பார்கள். தனக்குச் சமமான ஆட்கள் வந்து சாப்பிட்டுப் பாராட்டியது அவருக்குப் போதவில்லை. தன் குடியிருப்பு வீடுகளில் இருக்கிற சனங்களும் அந்தத் தட்டில் தின்றுவிட்டு, யாருடைய சோறு என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார். குத்தகையிலேயே எழுதிவிட்டார். வருடா வருடம் மிக்கேல் திருநாளன்று குடித்தனக்காரர் மாளிகைக்கு வந்து, நடுவில் இருக்கும் சின்னம் தெரிகிறவரை தட்டை வழித்துச் சாப்பிட வேண்டும். தெரிந்ததும் எழுந்து நின்று, "நீர்நாயைப் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னவருக்கு அடுத்த மிக்கேல் திருநாள்வரை வீடு. சொல்லாதவர் மூட்டை கட்டலாம்.

கடைசிப் பிரபு காலத்தில் இது பெரிய தொல்லையாக இல்லை. அவருக்குக் காது கேட்காது. யாராவது எழுந்து வாயை அசைத்தால் போதும், "நல்லது, நல்லது, உட்காருங்க" என்று இன்னொரு துண்டு வாத்தை வைத்துவிடுவார். அவர் வாரிசில்லாமல் இறந்துபோனார். மாளிகையும் தட்டுகளும் வீடுகளும் பாரம்பரியப் பீங்கான் அறக்கட்டளை என்ற ஒன்றின் கைக்குப் போயின. மற்றக் குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராகக் குழாயில் சுடுதண்ணீர் வரும் அரசாங்க வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது என் பக்கத்து வீட்டு வினி மட்டும் (என் வீடு மாளிகையுடையது இல்லை). பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறவள். புருஷன் ரெஜ் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகள் இல்லை, முட்டியில் வலி, ஓய்வூதியம் வர இன்னும் காலம் இருந்தது. அந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

அறக்கட்டளைக்கு ஒரு விதி: அந்தச் செட்டில் உள்ள எந்தத் தட்டிலும் உணவு படக்கூடாது. ஆக, வினி சாப்பிடாவிட்டால் குத்தகை போகும், வீடு போகும். சாப்பிட்டால் விதி போகும், அதற்கும் வீடு போகும். இவ்வளவு தெளிவான சட்டத்தை நான் பார்த்ததில்லை.

தட்டைப் பிடித்தபடி அவர்கள் கத்திக்கொண்டிருந்தபோது அறக்கட்டளைத் தலைவர் பிரிகேடியர் வைன் வந்தார். ராணுவத்தில் பாலங்களை வெடி வைத்துத் தகர்ப்பதில் பெயர் எடுத்தவர். அதனால்தான் பீங்கானைப் பார்த்துக்கொள்ள அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் போலிருக்கிறது.

"யாரும் அசையாதீங்க! 'ஒன்று' சொன்னதும் மேசைக்கு நேரா. 'இரண்டு' சொன்னதும் கீழ. 'மூன்று' சொன்னதும் விரலை எடுங்க."

தட்டு மேசைக்கு இறங்கியது. ஹோல்ஷா உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்குத் தேநீர் கொடுத்தேன்.

"சார், நான் இன்னிக்குள்ள சாப்பிட்டாகணும்," என்றாள் வினி. "இல்லாட்டி வீடு போயிடும்."

"இன்னிக்குள்ளதானே? கவலைப்படாதீங்க. மிக்கேல் திருநாளை ஒத்திவைக்கிறேன்."

அஞ்சலட்டை வாங்க வந்திருந்த பாதிரியார் இருமினார். "பிரிகேடியர், அது திருச்சபையோட நாள். தள்ளிப்போட உங்களுக்கு அதிகாரம்..."

"உங்க கோயில்ல நீங்க எப்ப வேணாலும் முடிச்சுக்கங்க, ஃபாதர். இந்த மாளிகைக்குள்ள இது இன்னும் முடியல."

அப்படியே ஆயிற்று. கூடத்து நாட்காட்டி அந்தத் தாளிலேயே நின்றது. அக்டோபர் போனது, நவம்பர் போனது. டிசம்பரில் அஞ்சலட்டைக் கடை காலின், கிறிஸ்துமஸ் மரம் வைக்கலாமா என்று கேட்டான். மாளிகைக்குள் செப்டம்பர் நடப்பதால் முடியாது என்று பதில் வந்தது. கம்பளிக்கோட்டு போட்டுக்கொண்டு வந்த சுற்றுலாக்காரர்களிடம் நாங்கள் இலையுதிர்காலம் எவ்வளவு அழகு என்று சொல்ல வேண்டியிருந்தது. வினியின் வாத்து என் குளிர்ப்பெட்டியில் கிடந்தது.

உண்ணல் துணைக்குழு என்று ஒன்றைப் போட்டார்கள். முதல் கூட்டத்திலேயே பிரிகேடியர் எழுந்து பேசினார். நல்ல குரல், என் வண்டியில் பால் ஜாடியின் மூடி அதிரும்.

"நண்பர்களே, தட்டுங்கிறது சாப்பிடறதுக்கு உண்டானது இல்லை. நூற்றாண்டுக்கணக்கா இந்தத் தட்டுகள் மேல சாப்பாடு விழுந்திருக்கு. அது ஒரு நீண்ட விபத்து. அதிலிருந்து அதுங்களை மீட்கத்தான் நாம இங்க உட்கார்ந்திருக்கோம்."

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். வினி கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தூக்குவது போல.

"சாப்பிடறதுக்கு இல்லைன்னா, எதுக்கு சார் அதைத் தட்டா செஞ்சாங்க?"

"அது வரலாற்றுக் கேள்வி, மிசஸ் ட்ரான்டர். இங்க நாம பாதுகாப்பைப் பத்திப் பேசறோம்."

புதுத் தட்டு ஒன்று, அச்சு அசலாக அதே மாதிரி செய்து அதில் சாப்பிடட்டும் என்றார் ஒருவர். அறக்கட்டளையின் வக்கீல் மறுத்தார். குத்தகையில் "பெல்மோர் பிரபுவின் தட்டு" என்று இருக்கிறது, பிரதியில் தின்றால் பிரதி வீடுதான் கிடைக்கும் என்றார். மெல்லிய கண்ணாடித்தாளைத் தட்டின் மேல் விரிக்கலாம் என்றார் இன்னொருவர். அப்போது உணவு தட்டில் இல்லை, தாளில் இருக்கிறது என்று அதுவும் போயிற்று. உணவைத் தட்டுக்கு ஒரு விரல் உயரத்தில் நூலில் தொங்கவிடலாம் என்ற யோசனை மட்டும் அடுத்த கூட்டத்துக்கு வைக்கப்பட்டது. அதைச் சொன்னவர் ஒரு பெரிய இடத்து மருமகன்.

கடைசியில், கட்டுப்பாட்டோடு ஒருமுறை சாப்பிட அனுமதி என்று முடிவானது. வினி அன்று மாலை என் வீட்டுக்கு வந்து ஷெர்ரி ஒயின் குடித்தாள். "பாத்தியா, மனுஷங்கதான் அவங்களும்," என்றாள். நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கட்டுப்பாட்டின் விவரம் அவளுக்கு இன்னும் தெரியாது; கூட்ட அறையில் குவளைகளை எடுக்கும்போது நான் கேட்டுவிட்டிருந்தேன்.

கிரேவி கூடாது, கறை. ஆப்பிள் கூழ் கூடாது, புளிப்பு. வாத்துக் கொழுப்பு கூடாது, உப்பு கூடாது, சூடு கூடாது. கத்தியும் முட்கரண்டியும் பேச்சுக்கே இடமில்லை. அனுமதிக்கப்பட்டது தோல் உரித்து வேகவைத்து ஆறிய ஓர் உருளைக்கிழங்கு, அதைத் தின்ன ஒரு மரக்கரண்டி, இரண்டு கைக்கும் பருத்தி உறை.

இங்கே குலச்சின்ன நிபுணர் டாக்டர் பாஸ்கம் குறுக்கிட்டார். உருண்டையாக வைத்த கிழங்கு நீர்நாயை முழுக்க மறைக்குமா என்பது அவர் சந்தேகம்.

"மூடி இருந்தாத்தான் அப்புறம் தெரிஞ்சதுன்னு சொல்ல முடியும். முதல்லேருந்தே தெரிஞ்சுக்கிட்டு இருந்தா அது பார்த்ததுல சேராது. சும்மா கண்ணு திறந்திருந்துது, அவ்வளவுதான்."

ஆகவே கிழங்கை மசிப்பதாக முடிவு. வெண்ணெய் இல்லாமல். மசியலின் அகலத்தையும் உயரத்தையும் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த மிஸ் பெனலோபி ட்ரூ வரைபடம் போட்டுக் காட்டினாள். ஹோல்ஷா அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அவளையும் பார்த்தார். அது அப்போதே என் கண்ணில் பட்டது.

பிறகு பயிற்சி. தினம் பள்ளிக்கூடம் முழுவதற்கும் பரிமாறுகிற வினிக்கு, ஒரு வாயை எப்படி எடுப்பது என்று கற்பிக்க ஹோல்ஷாவே வந்தார். பூந்தொட்டித் தட்டு ஒன்றில் ஒத்திகை.

"தோண்டாதீங்க மிசஸ் ட்ரான்டர். தூக்குங்க. கிழங்கு தானா வரணும்னு நினைச்சுக்கிட்டுத் தூக்குங்க."

"என் வாய்க்கு அது தானா வந்ததே இல்லையே சார்."

"மூச்சைப் பிடிச்சுக்கங்க. தட்டு மேல ஈரக் காத்து படுது."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உப்பில்லாத கிழங்கை விழுங்கிப் பழகினாள். முகம் சிவந்துபோகும். பாஸ் ஆனாள். உடுப்பில் குத்திக்கொள்ள ஒரு சின்ன வில்லை கொடுத்தார்கள்: 'தகுதி பெற்ற உண்பவர்'. அதைக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனவளைப் பார்த்துப் பிள்ளைகள் ஒரு வாரம் சிரித்தன. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் சாயங்காலம் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, "எல்லாம் சரியாத்தானே போகும்?" என்று என்னைக் கேட்பாள். "ஆமா வினி," என்பேன். வேறென்ன சொல்வது?

பிப்ரவரியில், வெளியே பனி முழங்கால் அளவு கிடக்க, பெல்மோர் மாளிகையில் செப்டம்பர் மாதத்து மிக்கேல் திருநாள் கொண்டாடப்பட்டது.

விருந்தாளிகள் கூட்டமாய் வந்தார்கள். அவர்களுக்குச் சூடான வாத்து, ஆப்பிள் கூழ், பொரித்த உருளைக்கிழங்கு எல்லாம் உண்டு. ஆனால் ஆளுக்கு ஒரு நீர்நாய்த் தட்டு மேசையில் அலங்காரமாக வைக்கப்பட்டு, தொடக்கூடாது என்று கண்ணாடி மூடி போடப்பட்டிருந்தது. சாப்பாடு காகிதத் தட்டில், மடியில். ஒரு கோமகள் கண்ணாடி மூடிக்குள் இருந்த நீர்நாயை ரசித்தபடி தன் பாவாடையில் கிரேவியைக் கொட்டிக்கொண்டாள்.

கூடத்தின் நடுவில் நான்கு பக்கமும் சிவப்புக் கயிறு கட்டி, உள்ளே ஒரு குட்டி மேசை. அதன் முன்னால் வினி. கைகளில் வெள்ளை உறை, நெஞ்சில் வில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி அணிந்திருந்தாள். ஹோல்ஷா மசியல் மூடிய தட்டை ஒரு தலையணையில் வைத்து எடுத்துவந்தார்.

பிரிகேடியர் எழுந்தார். "இன்று ஒரு பெருமைக்குரிய நாள். இந்தச் சடங்கு இத்தனை காலமாக அக்கறை இல்லாமல், சாப்பாடு போடும் சாக்கில் நடந்து வந்திருக்கிறது. இன்றுதான் முதல்முறையாக இது சரியாக நடக்கப்போகிறது!"

கைதட்டல். வினி கரண்டியை எடுத்தாள்.

தோண்டவில்லை, தூக்கினாள். மூச்சைப் பிடித்துத் தூக்கி, தலையைத் திருப்பி மூச்சு விட்டு, மறுபடி தூக்கினாள். கூடத்தில் மெல்லுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று. மசியல் குறையக் குறைய நீல விளிம்பு வந்தது. பொன் கோடு வந்தது. பிறகு வெள்ளை. இன்னும் வெள்ளை. கடைசிக் கரண்டியையும் விழுங்கிவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வருஷா வருஷம் சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"நீர்நாயைப் பார்த்தேன்."

எனக்கு உயிர் வந்தது. கைதட்ட வண்டியைக்கூட விட்டுவிட்டேன். ஆனால் வேறு யாரும் தட்டவில்லை. டாக்டர் பாஸ்கம் கயிற்றைத் தாண்டி, தட்டின் மேல் குனிந்திருந்தார்.

"எங்க?" என்றார்.

"எது சார்?"

"நீர்நாய். எங்க பார்த்தீங்க?"

வினி தட்டைப் பார்த்தாள். அவள் அதைக் குனிந்து பார்த்தது வாழ்நாளிலேயே அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நடுவில் ஒன்றும் இல்லை. பால் போல வெறும் வெள்ளை.

பிரிகேடியர் ஹோல்ஷா பக்கம் திரும்பினார். "இந்தத் தட்டை யார் எடுத்தது?"

"நான்தான். குடித்தனக்காரங்களுக்கு எப்பவும் போடற தட்டு. தொகுப்புலயே மதிப்பு கம்மியானது இதுதான்."

"ஏன் கம்மி?"

"நடுவுல சின்னம் இல்லையே, அதனாலதான்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ஹோல்ஷா?"

"எந்தத் துணைக்குழுவும் கேட்கலையே சார்."

செப்டம்பரில், நிஜத் திருநாள் அன்று, அவரும் வினியும் இதே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நாங்கள் எல்லாரும் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் பாஸ்கம் பூதக்கண்ணாடியை எடுத்தார். தட்டை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தார். "வாலோட நுனி லேசா இருக்கு. மத்ததெல்லாம் கத்திக் கீறல். மெருகுக்கு மேல தீட்டின சாயம், தலைமுறை தலைமுறையா வழிச்சு வழிச்சு..." நிமிர்ந்தார். அந்த முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை, துக்கம். "மிசஸ் ட்ரான்டர், உங்க குடும்பம் நீர்நாயைத் தின்னே தீர்த்துடுச்சு."

"தெரியற வரைக்கும் வழிச்சுச் சாப்பிடணும்னு சொன்னதே நீங்கதானே சார்?"

"நாங்க சொல்லல," என்றார் வக்கீல். "பெல்மோர் குடும்பம் சொன்னது. அவங்களோட உரிமைகள்தான் அறக்கட்டளைக்கு வந்திருக்கு. பொறுப்புகள் வரல."

"மிசஸ் ட்ரான்டர்," பிரிகேடியர் குரலைத் தணித்துக்கொண்டார், "கடைசியா எப்ப நீங்க நிஜமா நீர்நாயைப் பார்த்தீங்க?"

பொய் சொல்லிவிடு வினி என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். போன வருஷம் என்று சொல், சின்ன வயசில் என்றாவது சொல்.

"பார்த்ததே இல்ல சார். எங்க அம்மாவும் பார்த்திருக்க மாட்டாங்க. எழுந்து நின்னு சொல்லணும், சொன்னோம். பெரியவர் 'நல்லது, நல்லது'ன்னுவார். யாரும் குனிஞ்சு தேடினதில்ல."

கூடத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. வக்கீலின் கண்கள் மின்னின. அந்த வருஷக் குத்தகை மட்டும் அல்ல, வினியின் அம்மா காலத்திலிருந்தே ஒரு குத்தகையும் செல்லாது என்றார். அந்தக் குடும்பம் அந்த வீட்டில் பிறந்தது, கல்யாணம் பண்ணியது, செத்தது எல்லாமே அத்துமீறி நுழைந்தது என்ற கணக்கில்தான் வரும் என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அதோ அத்தனை தட்டுலயும் நீர்நாய் நிக்குதே! ஒண்ணை எடுத்து இன்னொரு கிழங்கை வெச்சுக் கொடுங்களேன்," என்றேன்.

தேநீர் வண்டி பேசியது போல எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மிஸ் ட்ரூ பொறுமையாக விளக்கினாள். அனுமதி இந்தத் தட்டுக்குத்தான். வேறு தட்டு என்றால் முதலிலிருந்து துணைக்குழு, வரைபடம், பயிற்சி.

"பண்ணுங்களேன். திருநாளை இன்னும் கொஞ்சம் ஒத்திவைங்க."

"முடியாதே," என்றார் பிரிகேடியர். உண்மையிலேயே வருத்தமாக இருந்தது அவருக்கு. "அவங்க எழுந்து நின்னு சொல்லிட்டாங்களே. சொன்னதோட திருநாள் முடிஞ்சது." அவரே போய் நாட்காட்டியின் தாளைக் கிழித்தார். அதற்கு அடியில் இருந்தவற்றையும், பிறகு புது வருஷ நாட்காட்டியில் பிப்ரவரிவரையும் ஒவ்வொன்றாகக் கிழித்தார். கொஞ்சம் நேரம் பிடித்தது. விருந்தாளிகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

வினி உறைகளைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தாள். "கரண்டியைக் கழுவணுமா சார்?" என்று கேட்டாள். வேண்டாம், அப்படியே ஆவணமாக வைத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

அவளைப் பனி உருகும்வரை இருக்கவிட்டார்கள். அதை அறக்கட்டளையின் ஆண்டு மலரில் ஒரு முழுப் பக்கத்தில் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். அந்த வெள்ளைத் தட்டு இப்போது மாளிகையிலேயே மதிப்பு கூடிய பொருள். தனிப் பெட்டி, தனி விளக்கு. 'காணாமல் போன நீர்நாய்' என்று பேர். அதைப் பார்க்கத்தான் லண்டனிலிருந்து பேருந்துகளில் வருகிறார்கள்.

ஒரே ஒரு சிக்கல். வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சடங்கைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். குடித்தனக்காரரோ ஒருவரும் இல்லை. பர்மிங்ஹாமிலிருந்து ஷெரில் என்ற நடிகைப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். சனிக்கிழமைகளில் அவள் முக்காடு போட்டுக்கொண்டு, பிளாஸ்டர் வாத்தை வெட்டுவது போல வெட்டி, பின்வரிசைக்கும் தெரியும்படி பெரிதாக அச்சடித்த நீர்நாயைப் பார்த்து, "நீர்நாயைப் பார்த்தேன்!" என்று கூவுகிறாள். எங்கள் ஊர்ப் பேச்சை அவளுக்கு யாரோ ஆக்ஸ்ஃபோர்டுக்காரர் சொல்லிக்கொடுத்தாராம். நாங்கள் அப்படிப் பேசுவதில்லை. இருந்தாலும் கைதட்டுகிறார்கள். வேலைக்கு வந்தவளுக்கு வீடு வேண்டுமே என்று வினியின் வீட்டையே கொடுத்தார்கள், குளியலறை வைத்து, சுடுதண்ணீர்க் குழாய் போட்டு.

ஷெரிலை அஞ்சலட்டைக் கடை காலின் ஜூன் மாதம் கல்யாணம் செய்துகொண்டான். நல்ல பெண்தான், வேலி வழியாகச் சமையல் சோடா கேட்பாள். ஹோல்ஷா மிஸ் ட்ரூவைக் கட்டிக்கொண்டு செல்ட்னம் பக்கம் போய்விட்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஒருநாளும் ஒரு பாத்திரத்தை உடைக்க மாட்டார்கள் என்று நம்பலாம். பிரிகேடியருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. டாக்டர் பாஸ்கம் இன்னும் வாலின் நுனியைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

வினி கிடர்மின்ஸ்டர் நகரத்துக்குப் போனாள். மூன்றாவது மாடியில் அறை ஒன்று, சமையல் மூலை ஒன்று. மின்தூக்கி அநேகமாக நின்றுவிடும், முட்டியோடு படியேறித்தான் ஆக வேண்டும். பள்ளிக்கூட வேலை போய்விட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து காலையில் வந்துசேர முடியவில்லை. மிக்கேல் திருநாளுக்கு நான் கொழுத்த வாத்தாகப் பார்த்து வாங்கிக்கொண்டு பேருந்தில் போனேன். அவளுடைய அடுப்பு சின்னது, வாத்து நுழையவில்லை. கால்களை மட்டும் வெட்டி வறுத்துச் சாப்பிட்டோம். மிச்சத்தை எதிர் வீட்டில் கொடுத்துவிடலாம் என்றேன். அவள் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பி வந்தாள். அங்கே குடியிருக்கிறவர்கள் பேர் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.